வன்னியின் பப்பாசிப் பாலும் நொதிய வரலாறும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பெரும்பாலும் வன்னியர் ஆட்சி, குளங்கள், குடியேற்றத் திட்டங்கள் என்பவற்றுள் அடங்கிவிடுகின்றது. அடுக்களை அதனுள் நுழைவதில்லை. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளின் வீட்டு வளவுகளில் நிற்கும் பப்பாசி மரம் இரசாயன வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது.

முற்றிய ஆட்டிறைச்சியையோ, முன்னாளில் மரை இறைச்சியையோ சமைப்போர் பப்பாசிக்காய்த் துண்டொன்றை அதனுடன் சேர்ப்பர். காயின் பாலிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம் தசைப் புரதச் சங்கிலிகளை அறுக்கின்றது. நொதியமின்றிச் சாதாரண வெப்பநிலை நீரில் அத்தகைய பிணைப்பொன்று தானாக அறுவதற்குப் பல நூறு ஆண்டுகள் செல்லும். சட்டியிலோ அது சமையல் நேரத்துள் நிகழ்ந்துவிடுகின்றது. பழத்தை விடுத்துக் காயைத் தெரிவதும் காரணமுடையதே: பழுக்குந்தோறும் பால் அருகும். ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் விரைந்து தொழிற்படும் இந்நொதியம் கொதிநிலையை அணுகுகையில் சிதையும். மெல்லச் சூடேறும் மண்சட்டி அதற்கு ஏற்றது.

இதனைக்கொண்டு பண்டைத் தமிழர் நொதியவியல் அறிந்திருந்தனர் என்பார்க்கு நாம் உடன்படோம். பப்பாசி அமெரிக்காவிற்குரியது, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடல்வணிகத்தின் வழியே ஆசியாவை அடைந்தது. அந்நிய மரமொன்றைத் தமதாக்கிய குடியானவரின் அறிவே இது. எமக்கு அது போதும்.

ஆய்வுகூடத்தில் 1879இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் வூர்ட்ஸ் இப்பாலின் செயற்படுபொருளுக்குப் பப்பெயின் எனப் பெயரிட்டார். 1897இல் ஜேர்மனியரான புக்னர், உயிருள்ள கலமின்றியே நொதித்தல் நிகழுமெனக் காட்டினார்.

பெயரைத் தொடர்ந்து சந்தை வந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன் பப்பெயின் ஏற்றுமதியில் இலங்கை முன்னணியில் நின்றது. பின்னர் அவ்விடத்தைக் கிழக்கு ஆபிரிக்கா பெற்றது. காலையில் காயைக் கீறி, வடியும் பாலை ஏந்தி, உலர்த்தி அனுப்புவதே இங்கு நிகழ்ந்த வேலை. அந்நொதியம் இறைச்சியையும் தொழிலாளியின் விரலையும் வேறுபடுத்தி அறியாது; தோல் புண்ணாகும். தூய்மையாக்கலும், குளிரில் பியர் கலங்காதிருக்க அதனைச் சேர்த்த ஆலைகளும், இலாபமும் பிறநாடுகளில் இருந்தன. காரீயத்திலும் இறப்பரிலும் நாம் கண்ட உறவு இதுவே.

2008, 2009ஆம் ஆண்டுப் போரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஏறக்குறைய முழுமையாக இடம்பெயர்ந்தனர். வளவுகளும் மரங்களும் மட்டுமன்றி, செய்முறை அறிந்த முதியோர் பலரும் இழக்கப்பட்டனர். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இயங்குகின்றது. எஞ்சியுள்ள மூத்த பெண்களிடம் காயின் பருவம், துண்டின் அளவு, ஊறவைக்கும் நேரம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.