செப்புக் கம்பியில் அதிவேக இணையம்: ஏடிஎஸ்எல் உருவான வரலாறு

ஏடிஎஸ்எல் எனப்படும் சமச்சீரற்ற எண்ணிமச் சந்தாதாரர் இணைப்பு என்பது, குரலுக்காகப் போடப்பட்ட தொலைபேசிக் கம்பியிலேயே, பேச்சுக்கு இடையூறு இல்லாமல் அதிவேகத் தரவையும் அனுப்பும் தொழில்நுட்பம் ஆகும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய இது, 2000களில் உலகெங்கும் வீடுகளுக்கு அகலப்பட்டை இணையம் சென்று சேர்ந்த முதன்மையான வழிகளுள் ஒன்றாக இருந்தது. ஆனால் இது இணையத்துக்காக உருவாக்கப்பட்டது அன்று. தொலைபேசி நிறுவனங்கள் வீடுகளுக்குத் திரைப்படம் அனுப்ப விரும்பியதே இதன் தொடக்கம்.

தொலைபேசியில் மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்சு வரையிலான அதிர்வெண்கள் போதும். இணைப்பகக் கருவிகள் இந்த எல்லைக்கு மேற்பட்டவற்றை வெட்டிவிடும். பழைய டயல்-அப் மோடம்கள் இந்தக் குறுகிய பட்டைக்குள்ளேயே இயங்கியதால், 1998-இல் வந்த வி.90 தரத்துடன் அவற்றின் வேகம் நொடிக்கு 56 கிலோபிட்டில் நின்றுவிட்டது. இந்தத் தடை இணைப்பகத்தில்தான் இருந்தது, கம்பியில் இல்லை. வீட்டிலிருந்து இணைப்பகம் வரை செல்லும் முறுக்கிய செப்புக் கம்பி இணை, ஒரு மெகாஹெர்ட்சு வரையிலும் அதற்கு மேலும் சமிக்ஞைகளைக் கடத்தக்கூடியது. ஆனால் தொலைவும் அதிர்வெண்ணும் கூடக்கூடச் சமிக்ஞை வேகமாக நலியும். நீண்ட தடங்களில் குரல் தெளிவாகக் கேட்பதற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பொருத்தப்பட்டு வந்த சுமைச் சுருள்கள் உயர் அதிர்வெண்களை அறவே மறித்தன. குரலுக்கு நன்மை செய்த சுருள்களைத் தரவுக்காகக் கழற்ற வேண்டியதாயிற்று.

இவற்றைவிடப் பெரிய தடை குறுக்குப்பேச்சு. இணைப்பகத்துக்குள் நுழையும் தடித்த வடத்தில் நூற்றுக்கணக்கான கம்பி இணைகள் நெருங்கிக் கிடக்கும். அங்கிருந்து அப்போதுதான் புறப்படும் வலுவான சமிக்ஞை, பல கிலோமீட்டர் கடந்து நலிந்து வந்து சேரும் அண்டைக் கம்பியின் சமிக்ஞைக்குள் கசிந்து அதை மூழ்கடித்துவிடும். இதற்கு வழி கண்டவர் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர் சோசப் லெக்லைடர். பெல்கோர், 1984-இல் ஏடி&டி நிறுவனம் பிரிக்கப்பட்ட பின் வட்டாரத் தொலைபேசி நிறுவனங்களுக்காக ஏற்பட்ட ஆய்வு அமைப்பு. இரு திசைகளிலும் ஒரே வேகம் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட வேண்டும் என்பது லெக்லைடரின் கருத்து. வீட்டை நோக்கிச் செல்லும் தரவுக்கு அகன்ற உயர் பட்டையையும், வீட்டிலிருந்து வரும் தரவுக்குக் குறுகிய தாழ் பட்டையையும் ஒதுக்கினால், இணைப்பகத்தில் புறப்படுவதும் வந்து சேர்வதும் ஒன்றோடொன்று மோதா. பெயரில் உள்ள 'சமச்சீரற்ற' என்ற சொல் இதையே குறிக்கிறது. பார்ப்பதற்கு எளிய யோசனைதான். ஆனால் இருவழிப் பேச்சையே தொழிலாகக் கொண்டிருந்த துறையில் அது மரபை உடைப்பதாக இருந்தது. லெக்லைடர் 2013-இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.

அடுத்த கேள்வி, அகன்ற பட்டையில் பிட்டுகளை எப்படி ஏற்றுவது என்பது. ஏடி&டி ஆதரித்த சிஏபி முறை, முழுப் பட்டையையும் ஒரே வழியாகக் கொண்டு ஒற்றை வேகமான சமிக்ஞையை அனுப்பியது. இசுட்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் சான் சியோஃபி முன்வைத்த டிஎம்டி முறையோ, பட்டையைச் சுமார் 4.3 கிலோஹெர்ட்சு அகலமுள்ள 256 சிறு தடங்களாகப் பிரித்தது. மோடம் தொடங்கும்போது ஒவ்வொரு தடத்தின் இரைச்சலையும் அளக்கிறது. தெளிவான தடத்தில் ஒரு முறைக்கு 15 பிட் வரை ஏற்றுகிறது. வானொலி நிலையத்தின் அலை கம்பியில் புகுந்து கெடுத்த தடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. மேட்டுப் பாத்தியில் நீரை வீணாக்காமல் தாழ்ந்த பாத்திகளுக்கு மடை திறப்பது போன்ற வேலை இது. தகவல் கோட்பாட்டிலும் இதற்கு 'நீர் நிரப்புதல்' என்றே பெயர்.

இதன் கணித அடிப்படை புதியதன்று. விரைவு ஃபூரியர் உருமாற்றத்தைக் கொண்டு பல தடங்களை ஒரே நேரத்தில் உருவாக்கலாம் என்பது 1971-லேயே காட்டப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கணக்கை நொடிக்கு 4,000 முறை செய்ய மலிவான சில்லு கிடைக்குமா என்று பலர் ஐயுற்றனர். சியோஃபி 1991-இல் அமாட்டி என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 'பிரிலூட்' என்ற மோடத்தை உருவாக்கினார். 1993-இல் பெல்கோர் ஆய்வகத்தில் போட்டி முறைகளின் மோடம்கள் ஒரே வகைக் கம்பிகளிலும் ஒரே வகை இரைச்சலிலும் சோதிக்கப்பட்டன. பின்னாளில் 'ஏடிஎஸ்எல் ஒலிம்பிக்' என்று அழைக்கப்பட்ட இச்சோதனையில் சிறு நிறுவனத்தின் மோடம் தெளிவாக முந்தியது. அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்கத் தரக்குழு டிஎம்டி முறையைத் தேர்ந்தது, டி1.413 என்ற தரம் 1995-இல் வெளியானது.

சோதனையில் தோற்ற முறை சந்தையில் உடனே தோற்கவில்லை. சிஏபி மோடம்கள் முன்னரே விற்பனைக்குத் தயாராக இருந்ததால், தொடக்ககால இணைப்புகளில் பல அவற்றைக் கொண்டே தரப்பட்டன. 1997-இல் டெக்சாசு இன்ஸ்ட்ருமென்ட்சு சுமார் 39.5 கோடி டாலருக்கு அமாட்டியை வாங்க முன்வந்தது. 1999-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் டிஎம்டியையே தரமாக்கியதும் போட்டி முடிந்தது. இதற்குள் திரைப்படத் திட்டம் மங்கி, இணையம் அந்த இடத்தைப் பிடித்திருந்தது. பதிவேற்றத்தைவிடப் பதிவிறக்கம் மிகுந்த அன்றைய இணையப் பயன்பாட்டுக்கும் இந்த ஏற்றத்தாழ்வு பொருந்தியது ஒரு நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் காணொளி அழைப்புகள் பெருகியபோது, மெதுவான பதிவேற்றம் குறையாகத் தெரிந்தது.

பட்டையை 2.2 மெகாஹெர்ட்சு வரை விரித்த ஏடிஎஸ்எல்2+ நொடிக்கு 24 மெகாபிட் வரை தந்தது. இந்தியாவில் பி.எஸ்.என்.எல். 2005 சனவரியில் தொடங்கிய அகலப்பட்டைச் சேவையும் பழைய தொலைபேசிக் கம்பியின் வழியேதான் வீடுகளுக்கு வந்தது. சுவரோரம் மாட்டப்பட்ட சிறிய ஸ்பிளிட்டர் பெட்டி குரலையும் தரவையும் பிரித்தது. இணைப்பகத்துக்கு அருகில் இருந்தவருக்குக் கிடைத்த வேகம் நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. பின்வந்த விடிஎஸ்எல்2, கருவிகளைத் தெருவோரப் பெட்டிக்குக் கொண்டுவந்து கம்பியின் நீளத்தைக் குறைத்தது. தொலைவு குறைந்தபோது குறுக்குப்பேச்சே மீண்டும் முதன்மைத் தடையாக நின்றது. லெக்லைடர் ஒதுங்கிச் சென்ற அந்த இரைச்சலை, 2010-இல் தரமான 'வெக்டரிங்' முறை நேராகவே எதிர்கொண்டது. ஒரு வடத்திலுள்ள எல்லாக் கம்பிகளின் கசிவையும் கணக்கிட்டு, அதை ஈடுசெய்யும் சமிக்ஞையை முன்கூட்டியே சேர்த்து அனுப்புவது அதன் உத்தி.