நத்தையோட்டுச் சிக்லிடு மீன்தொட்டி

நத்தையோட்டுச் சிக்லிடு மீன்தொட்டி என்பது, காலியான நத்தை ஓடுகளுக்குள் வாழும் சிக்லிடு மீனினம் ஒன்றை மட்டும் தனியே வளர்ப்பதற்கென வடிவமைக்கப்படும் நன்னீர்க் காட்சித்தொட்டி ஆகும். ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் மட்டுமே இயற்கையாகக் காணப்படும் நியோலாம்ப்ரோலோகசு மல்டிபேசியேட்டசு என்னும் சிறுமீன் இவ்வகைத் தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படுகிறது. இத்தொட்டியின் அலங்காரப் பொருளான ஓடே மீனின் உறைவிடமாகவும் முட்டையிடும் இடமாகவும் அமைகிறது. ஆகவே, அழகுக்காகச் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் மீனின் வாழ்க்கையை நேரடியாகப் பாதிக்கும்.

மீனும் அதன் வாழிடமும்

சிக்லிடு என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரிய மீன் குடும்பம். தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மல்டிபேசியேட்டசு இனத்தை 1906-ஆம் ஆண்டில் விலங்கியலாளர் பௌலங்கர் விவரித்தார். இனப்பெயருக்குப் 'பல பட்டைகள் கொண்டது' என்று பொருள். ஆண் மீன் 5 செ.மீ.க்கும் குறைவான நீளமே வளரும். பெண் அதனினும் சிறியது. உலகின் மிகச்சிறிய சிக்லிடுகளுள் இதுவும் ஒன்று.

தங்கனீக்கா ஏரி புருண்டி, காங்கோ மக்களாட்சிக் குடியரசு, தான்சானியா, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைக்குள் அமைந்துள்ளது. ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழமுடைய இது, உலகின் இரண்டாவது ஆழமான ஏரியாகும். இதன் நீர் காரத்தன்மையும் கடினத்தன்மையும் கொண்டது. அதனால் நியோதௌமா என்னும் நத்தை இறந்த பின்னரும் அதன் ஓடு எளிதில் கரைவதில்லை. நெடுங்காலமாகச் சேர்ந்த இத்தகைய ஓடுகள் ஏரித்தளத்தின் சில பகுதிகளில் பரந்த படுகைகளாகக் கிடக்கின்றன. மீன்கள் மணலைத் தோண்டி ஓடுகளை வெளிக்கொணர்ந்து, அவற்றில் கூட்டமாகக் குடியேறுகின்றன.

தனியினமாக வளர்ப்பதன் காரணம்

இம்மீனின் கூட்டத்தில் ஆண்களும் பெண்களும் பல வயதுக் குஞ்சுகளும் அருகருகே வாழ்கின்றன. ஒவ்வொரு மீனும் தன் ஓட்டையும் அதைச் சுற்றியுள்ள சில சென்டிமீட்டர் மணலையும் காக்கிறது. பெரிய மீன்கள் தொட்டியில் இருந்தால் இவை பெரும்பாலான நேரம் ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். வெளிவரும் குஞ்சுகளும் இரையாகிவிடும். தனியே வளர்க்கும்போதுதான் தோண்டுதல், எல்லைச் சண்டை, குஞ்சு காத்தல் ஆகிய நடத்தைகளை முழுமையாகக் காண முடியும்.

தொட்டியின் வடிவமைப்பு

மீன்கள் தளத்தை ஒட்டியே வாழ்வதால் உயரத்தைவிடத் தளப்பரப்பு முக்கியமானது. 60 × 30 × 30 செ.மீ. அளவுடைய தொட்டியின் மொத்தக் கொள்ளளவு 54 லிட்டர். ஒரு சிறு கூட்டத்தைத் தொடங்க இது போதுமானது.

கற்கள்: கற்களை மணலுக்கு முன்னரே அடுக்க வேண்டும். மணல் மீது வைக்கப்பட்ட கல்லின் அடியை மீன்கள் தோண்டினால் அடுக்கு சரிந்து மீனை நசுக்கலாம், கண்ணாடியையும் உடைக்கலாம். அடிக்கண்ணாடியில் மெல்லிய நெகிழித் தகடு விரித்து, அதன் மீது கற்களை நிறுத்தினால் எடை ஒரு புள்ளியில் குவியாது. உயரமான அடுக்குகளை மீன்தொட்டிக்குரிய சிலிக்கோன் பசையால் பிணைப்பது நல்லது. சுண்ணாம்புக்கல் இத்தொட்டிக்கு ஏற்றது.

மணல்: 5 செ.மீ. ஆழத்துக்கு நுண்மணல் தேவை. மேற்கண்ட தொட்டிக்கு இது 9 லிட்டர் மணலாகும். கூர்மையான சரளைக்கற்களை இம்மீனால் வாயில் எடுத்துத் தோண்ட இயலாது.

ஓடுகள்: ஒரு மீனுக்குக் குறைந்தது மூன்று ஓடுகள் இருந்தால் போட்டி குறையும். வாய் அகன்ற, உட்புறம் வழவழப்பான ஓடுகளே ஏற்றவை. உணவுக்காக வளர்க்கப்படும் நத்தைகளின் ஓடுகளும், வயல்களில் கிடைக்கும் ஆப்பிள் நத்தையின் ஓடுகளும் பயன்படும். உள்ளே எஞ்சிய தசை அழுகாதவாறு கொதிக்க வைத்துக் கழுவிய பின்னரே இட வேண்டும்.

தோற்றம்: ஒரு பக்கம் உயர்ந்த கற்குவியல், மறுபக்கம் திறந்த மணல்வெளியும் ஓட்டுப்படுகையும் என்ற சமச்சீரற்ற அமைப்பு கண்ணைக் கவரும். கருநிறப் பின்னணியில் வெளிர்நிற ஓடுகளும் மீனின் பட்டைகளும் தெளிவாகத் தெரியும். இறுதி அமைப்பை மீன்களே முடிவு செய்யும். அவை மாற்றிய மணலையும் ஓடுகளையும் அடிக்கடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது எல்லைகளைக் குலைத்துச் சண்டைக்கு வழிவகுக்கும்.

நீரின் தன்மை

பி.எச். மதிப்பு 8 முதல் 9 வரையிலும், வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு வரையிலும் இருத்தல் நன்று. மென்னீராயின் பவளத்துகள் அல்லது அளந்த சமையல் சோடாவைக் கொண்டு காரத்தன்மையைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம்.

கார நீரில் அம்மோனியா நஞ்சு தீவிரமாகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நீரில் அம்மோனியம் அயனியாகவும் அயனியாகா அம்மோனியாவாகவும் காணப்படும். இவற்றுள் பின்னதே கடும் நஞ்சு. 25 பாகை செல்சியசில் இதன் பங்கு பி.எச். 7-இல் ஏறத்தாழ 0.6 விழுக்காடு, பி.எச். 9-இல் ஏறத்தாழ 36 விழுக்காடு. எனவே சாதாரண நீரில் தாங்கக்கூடிய அளவு அம்மோனியாவும் இங்கே மீனைக் கொல்லக்கூடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் எனச் சோதனையில் உறுதியான பின்னரே மீன்களை விட வேண்டும். குஞ்சுகள் உறிஞ்சப்படாதிருக்கப் பஞ்சு வடிகட்டி சிறந்தது. வாரம் ஒருமுறை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது வழக்கம்.

உணவும் இனப்பெருக்கமும்

ஏரியில் இம்மீன் மிதவை உயிரினங்களை உண்கிறது. தொட்டியில் ஆர்ட்டீமியா குஞ்சுகளையும் பொடித்த குருணை உணவையும் தரலாம். பெண் மீன் ஓட்டின் உட்புறத்தில் முட்டையிட்டுக் காக்கும். குஞ்சுகள் சில நாட்களுக்குப் பின் ஓட்டின் வாயருகே தென்படும். வளர்ந்த பின்னரும் அவை கூட்டத்திலேயே தங்குவதால் சிறிய தொட்டி விரைவில் நிரம்பும். மிகுதியாகும் மீன்களை யாரிடம் கொடுப்பது என்பதைத் தொடக்கத்திலேயே திட்டமிடுதல் நலம்.

அவற்றைக் குளத்திலோ ஆற்றிலோ விடக்கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, நீர்நிலைகளில் பரவி உள்நாட்டு மீன்களுக்குப் போட்டியானது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இவற்றையும் பார்க்க

- சிக்லிடு
- தங்கனீக்கா ஏரி
- நைட்ரசன் சுழற்சி
- திலாப்பியா