வன்தட்டும் 504 மெகாபைட் வரம்பும்

1990களின் நடுப்பகுதியில் பழைய கணினியில் பெரிய வன்தட்டைப் பொருத்துவது திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவருக்கும் கைவரும் வேலையாகவே இருந்தது. ஆயினும் பொருத்தப்பட்ட 1 ஜிகாபைட் தட்டில் ஏறத்தாழப் பாதியை மட்டுமே பல கணினிகள் கண்டுகொண்டன. குறை தட்டில் இல்லை. இருவேறு காலங்களில் தனித்தனியே வகுக்கப்பட்ட இரண்டு விதிகள் ஒரே கணினியில் சந்தித்ததில் இருந்தது.

10 மெகாபைட் வன்தட்டுடன் 1983-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில், அடிப்படை நிரலான பயாஸ், தட்டின் ஓர் இடத்தை மூன்று எண்களால் குறித்தது: தகடுகளில் ஒரே தொலைவில் அமைந்த தடங்களின் தொகுதியான சிலிண்டருக்கு 10 பிட், படிக்கும் முனையான ஹெட்டுக்கு 8 பிட், 512 பைட் கொள்ளும் துண்டான செக்டருக்கு 6 பிட். பின்னர் வந்த ஐடிஇ இணைப்புமுறையோ சிலிண்டருக்கு 16 பிட்டைத் தாராளமாக அளித்துவிட்டு, ஹெட்டுக்கு 4 பிட்டுடன் நிறுத்திக்கொண்டது. தனித்து நின்றால் முன்னது ஏறத்தாழ 8 ஜிகாபைட்டையும் பின்னது அதனினும் பன்மடங்கையும் எட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணே செல்லுபடியாகி, 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் எனச் சுருங்கி, 504 மெகாபைட்டில் முடிந்தது. ஆயிரத்தின் மடங்குகளாகக் கணக்கிட்ட தட்டு உற்பத்தியாளர்கள் இதையே 528 என்றனர்.

புதிய பயாஸ்கள் சிலிண்டர் எண்ணிக்கையைக் குறைத்து, ஹெட் எண்ணிக்கையை அதே மடங்கில் பெருக்கிக் காட்டி இவ்வரம்பைக் கடந்தன. பழைய கணினிக்காரர்களுக்கு ஆன்ட்ராக் நிறுவனத்தின் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் உதவின. இயக்க முறைமைக்கு முன்பே நினைவகத்தில் ஏறி அதே மாற்றுக்கணக்கைச் செய்த இந்நிரல் தட்டின் தொடக்கத்திலேயே குடியிருந்தமையால், நெகிழ்வட்டிலிருந்து நேரடியாகக் கணினியைத் தொடக்கியவருக்குத் தம் கோப்புகள் அனைத்தும் தொலைந்தனபோல் தோன்றின.

அடுத்து 8, 32 ஜிகாபைட் வரம்புகள் வந்தன. இரண்டாவதற்குக் கண்ட தீர்வு விந்தையானது: பெரிய தட்டைக் கண்டதும் உறைந்துபோன பயாஸ்களுக்காக, தட்டே தன்னைச் சிறியதாகச் சொல்லிக்கொள்ளும்படி மாற்றியமைக்க ஜம்பர் எனும் சிற்றிணைப்பியை உற்பத்தியாளர்கள் வழங்கினர். 28 பிட் முகவரியால் விளைந்த 137 ஜிகாபைட் வரம்பை 48 பிட் முகவரி நீக்கியது. எனினும் தட்டின் பகுதிகளைப் பதிந்துவைக்கும் அட்டவணை, 1983-இன் டாஸ் 2.0 வகுத்தவாறே செக்டர் எண்ணுக்கு 32 பிட்டையே ஒதுக்கியிருந்ததால், 2010-இல் 3 டெராபைட் தட்டுகளை வாங்கியோர் அவற்றை முழுமையாகப் பயன்படுத்த ஜிபிடி என்னும் புதிய அட்டவணைக்கு மாற வேண்டியதாயிற்று.