தலைக்கு மேலே சென்ற மின்சாரம்



அண்மையில் என் மாணவர்களிடம், "தாத்தா பாட்டி வாழ்ந்த வீட்டில் விளக்கு எப்படி எரிந்தது எனக் கேட்டு வாருங்கள்" என்றேன். பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் பல ஒரே விடையைச் சொல்லி அனுப்பியிருந்தன: தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் வரை, அதாவது மாலையில் மூன்று நான்கு மணி நேரம்.

இத்தனைக்கும் பேராக் மின்சாரப் பஞ்சம் கண்ட மாநிலமன்று. 1926-இல் பேராக் நதி நீர்மின் நிறுவனம் தோன்றியது. 1930-இல் கோலகங்சாருக்கு வடக்கே செண்டெரோ அணை இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தின் பெரும்பகுதியைக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களே உண்டன.

சுதந்திரத்திற்குப் பின் வெளிநாட்டு நிதி வந்தது. 1958 செப்டம்பரில் உலக வங்கி, மத்திய மின்சார வாரியத்திற்கு 35.6 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. கேமரன் மலைத் திட்டம் அதனால் உருவாயிற்று. பகாங் நோக்கி ஓடிய தெலோம், பெர்தாம் ஆறுகளின் நீரை, மலையைக் குடைந்து பேராக் பக்கம் திருப்பினர். 1963-இல் நிலத்தடியில் அமைந்த சுல்தான் யூசோப் நிலையம் 100 மெகாவாட் திறனுடன் இயங்கலாயிற்று. வியத்தகு பணிதான், மறுப்பதற்கில்லை.

ஆயினும் கடன் வேறு, கொடை வேறு. வட்டியோடு திருப்ப வேண்டிய பணம், கட்டணம் செலுத்த வல்ல நகரையும் தொழிலையும் தேடிச் செல்லும். 2012-இல் பசிபிக்கின் தொகெலாவ் தீவுகளில் நியூசிலாந்தின் நிதியுதவியால் சூரிய மின்சாரம் அமைந்தபோது, மூன்று பவளத்தீவுகளின் வீடுகளுக்கும் ஒளி சென்றது. அங்கே குடியிருப்போரே திட்டத்தின் இலக்கு.

நம் லயங்களுக்கோ இன்னொரு தடையும் இருந்தது. தோட்டம் தனியார் நிலம். கம்பங்களை நாடிச் சென்ற அரசின் கிராமப்புறத் திட்டங்கள் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டன. உள்ளே விளக்கேற்றுவது நிருவாகத்தின் பொறுப்பு எனக் கருதப்பட்டது. துரை பங்களாவுக்கு இரவெல்லாம் ஒளி. லயத்திற்கு அளந்து ஊற்றிய ஒளி.

நான் வளர்ந்த தோட்டத்தில் உயரழுத்தக் கம்பிகள் பால்மரங்களுக்கு மேலாகச் சென்றன. அவற்றின் கீழே மண்ணெண்ணெய் விளக்கில் வீட்டுப்பாடம் எழுதினோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி.

தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் நீரும் மின்சாரமும் முதலாளியின் கடமை என 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறத் தொடங்கியிருந்தன. எங்கள் லயத்தில் மீட்டர் பொருத்த ஆள் வந்த நாளில், அந்த வரிசையில் நான்கு வீடுகள் ஏற்கெனவே காலியாக இருந்தன.