செத்த நரம்பையும் சுற்றும் செல்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்து, இன்டர்ஃபெரான் பீட்டா, 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பின் வந்த மருந்துகளில் பல அதைவிட வலிமையானவை. ஆனாலும் எல்லாம் செய்வது ஒரே வேலைதான். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த மூளையையும் தண்டுவடத்தையும் தாக்காமல் அவை தடுக்கின்றன. அந்தத் தாக்குதலில் ஏற்கெனவே அழிந்த நரம்புறையை, அதாவது மயலினை, மீண்டும் உண்டாக்க அவற்றால் முடியாது. மங்கிய கண்ணோடும் தள்ளாடும் காலோடும் வாழ்பவருக்கு, இனி மோசமாகாது என்ற உறுதி மட்டும் போதாது. போனது திரும்புமா என்றுதான் அவர் கேட்பார். உலகில் 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சோதனைக்கூடத்தில் கேட்பதற்கு ஒரு வழி பிறந்த கதை இது.

மயலின் என்பது நரம்பிழையான ஆக்சானைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் செறிந்த உறை. மூளையிலும் தண்டுவடத்திலும் அதை உண்டாக்குபவை ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்கள். ஸ்பெயினின் ரியோ ஒர்தேகா, வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றி, 1921இல் இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். விரல் காயத்துக்குத் துணி சுற்றுவதுபோல இந்தச் செல் தன் சவ்வை நீட்டி ஆக்சானைப் பல சுற்று சுற்றுகிறது. ஒரே செல் பல ஆக்சான்களுக்கு உறை போடும். உறையுள்ள தடித்த இழையில் நரம்புச் சைகை நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் ஓடும். உறையே இல்லாத மெல்லிய இழையில் அந்த வேகம் நொடிக்கு ஓரிரு மீட்டர்தான்.

உறை போனால் போனதுதான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை அசைத்தவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பஞ்ச், மேரி பஞ்ச் தம்பதியும் ஹான்ஸ் ரிஸ்ஸும். வளர்ந்த பூனைகளின் தண்டுவடத்தில் மயலினை அழித்து, அதன்பின் அங்கே நடந்ததை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்தார்கள். சில வாரங்களில் அம்மணமாய் நின்ற ஆக்சான்களைச் சுற்றிப் புதிய மயலின் தோன்றியது. பழையதைவிட மெல்லியது, ஆனால் மயலின்தான். 1961இல் வெளியான இந்த ஆய்வு, வளர்ந்த விலங்கின் மைய நரம்பு மண்டலமும் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் என்று காட்டியது. நோயாளிகளின் மூளையிலும் இப்படி மெல்லிய உறைகள் இருப்பது பின்னர் தெரிந்தது.

அப்படியென்றால் நோய் ஏன் தீரவில்லை? வளர்ந்த மூளையிலும் ஒலிகோடெண்ட்ரோசைட்டாக மாறக் காத்திருக்கும் முன்னோடிச் செல்கள் எங்கும் பரவியிருக்கின்றன. பழுதுபார்க்கும் வேலை அவற்றுடையது. கிளீவ்லாந்தில் புரூஸ் டிராப்பின் குழு, இறந்த நோயாளிகளின் மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2002இல் ஒன்றைச் சொன்னது. மயலின் அழிந்த நாள்பட்ட பல புண்களில் இந்தச் செல்கள் வந்து சேர்ந்திருந்தன. ஆக்சானைத் தொடும் தூரம்வரை கைநீட்டியும் இருந்தன. சுற்ற மட்டும் தொடங்கவில்லை. ஆக, புண்ணுக்குள் புதிய செல்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றே வழியல்ல. அங்கே தயங்கி நிற்கும் செல்லைச் சுற்றவைத்தாலும் போதும்.

இந்த இடத்தில்தான் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனா சான் வருகிறார். செல்லைச் சுற்றவைக்கும் மருந்தைத் தேட ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதிக்க வேண்டும். ஆனால், செல் சுற்றியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டையான கண்ணாடித் தட்டில் வளர்த்தால் செல் சவ்வைப் பரப்பிப் படுத்துவிடும். சுற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நியூரான்களோடு சேர்த்து வளர்த்தால் சுற்றும். ஆனால் ஒரு மருந்து வேலைசெய்தால், அது நியூரானைத் தூண்டியதா, உறை போடும் செல்லைத் தூண்டியதா என்று பிரிக்க முடியாது.

முடிச்சு அவிழ்ந்தது எளிய ஒரு சோதனையில். சானும் குழுவினரும் ஆக்சான்களை ரசாயனத்தால் உறையவைத்து, உயிரற்றுப்போன அவற்றின்மேல் முன்னோடிச் செல்களை விட்டார்கள். செத்த ஆக்சானிலிருந்து எந்தச் சைகையும் வராது. ஆனாலும் செல்கள் முதிர்ந்தன, சுற்றின. 2008இல் வெளியான இந்த முடிவின் பொருள் பெரிது. சுற்றுவதற்கு வேண்டிய திறன் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. வடிவமும் இடமும் பொருந்தினால், ஆக்சானின் அனுமதிக்காக அது காத்திருப்பதில்லை. 2012இல் இன்னொரு படி ஏறினார்கள். ஆக்சானே வேண்டாமென்று, பாலிஸ்டைரீனில் நூற்ற மிக நுண்ணிய இழைகளைக் கொடுத்தார்கள். அவற்றையும் செல் சுற்றியது. ஆனால் இழை போதிய தடிமனாக இருக்க வேண்டும். மிக மெல்லியதைச் சுற்றவில்லை.

படுத்திருக்கும் இழையை மேலிருந்து பார்த்தால் செல் அதன்மேல் ஒட்டிக் கிடக்கிறதா, முழுதாகச் சுற்றியிருக்கிறதா என்று உடனே தெரியாது. ஆயிரம் மாதிரிகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் இந்தச் சந்தேகம் வேலையை நிறுத்திவிடும். இழையை நிமிர்த்தினால்? சிலிக்காவில் நுண்ணிய கூம்புகளை வரிசை வரிசையாக நிற்கவைத்தார்கள். ஒரு செல் கூம்பைச் சுற்றினால், மேலிருந்து நோக்கும் நுண்ணோக்கியில் அது வளையமாகத் தெரியும். வளையம் உண்டா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று பதில் வந்துவிடும்.

ஃபெங் மெய் முதல் ஆசிரியராக 2014இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் ஆயிரம் மூலக்கூறுகளை இந்தக் கூம்புகளில் சோதித்த விவரம் இருக்கிறது. வளையங்களைப் பெருக்கியவற்றில் ஒரு கூட்டம் தனியாகத் தெரிந்தது. அவை அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சைகைப் பொருளின் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைப்பவை. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் வேறொரு வழியில் தேடியவர்களும், 2013இல், பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பென்ஸ்ட்ரோபின் என்ற அதே வகை மருந்தில் வந்து நின்றிருந்தார்கள். இரண்டு குழுக்கள், இரண்டு பாதைகள், ஒரே கதவு. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

சான் குழு தேர்ந்தெடுத்தது கிளமாஸ்டின். தும்மலுக்கும் ஒவ்வாமைக்கும் பல்லாண்டாக விற்கும் பழைய மாத்திரை. அதைச் சாப்பிட்டால் தூக்கம் வரும். மருந்து மூளைக்குள் நுழைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. உறை இழந்த எலிகளில் அது பழுதுபார்ப்பை விரைவுபடுத்தியது.

மனிதரில் இதை அளப்பது எப்படி என்பதற்கு லண்டனில் எப்போதோ விடை எழுதிவைத்திருந்தார்கள். ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் ஆகியோர், சதுரங்கக் கட்டங்கள் மாறி மாறித் தோன்றும் திரையை நோயாளிக்குக் காட்டி, அந்தச் செய்தி மூளையின் பின்பகுதியை அடையும் நேரத்தை 1972இல் அளந்தார்கள். நலமான கண்ணுக்கு ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகும். பார்வை நரம்பு அழற்சிக்கு ஆளான கண்ணில் அது தாமதமாகும்; பார்வை திரும்பிய பிறகும் தாமதம் போகாது. உறை திரும்பினால் தாமதம் குறைய வேண்டும்.

அந்தத் தாமதத்தையே அளவுகோலாக்கி, நரம்பியல் மருத்துவர் ஆரி கிரீனும் சானும் 50 நோயாளிகளோடு 150 நாள் சோதனை நடத்தினார்கள். ஒரு பாதிக்கு முதலில் கிளமாஸ்டின், பிறகு வெற்று மாத்திரை. மறு பாதிக்கு நேர்மாறாக. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மருந்துக் காலத்தில் தாமதம் கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் அந்த முன்னேற்றம் முதல் குழுவில் நிலைத்தது. மருந்தின் தற்காலிக விளைவாக இருந்தால் அது மருந்தோடு போயிருக்க வேண்டும்.

1.7 மில்லிசெகண்டில் யாருடைய வாழ்க்கையும் மாறிவிடாது. மருந்து சோர்வையும் கூட்டியது. அந்த நோயாளிகள் ஏற்கெனவே சோர்வோடு போராடுபவர்கள். அமெரிக்காவில் பின்னர் நடந்த வேறொரு சோதனையில், படிப்படியாக முற்றும் வகை நோயுள்ள சிலருக்குக் கிளமாஸ்டின் ஊனத்தை வேகப்படுத்தியது. அந்தப் பிரிவையே நிறுத்த வேண்டியதாயிற்று. எனவே இது கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடும் மாத்திரை அல்ல. இதை உரக்கச் சொல்ல வேண்டியது எழுதுகிறவர்களின் கடமை.

ஆனாலும் அந்தச் சிறிய எண் எனக்குப் பெரிதாகவே படுகிறது. நாள்பட்ட சேதத்தில்கூட, உயிரோடிருக்கும் ஒருவரின் நரம்புறையை வாய்வழி மருந்தால் பழுதுபார்க்கத் தூண்டலாம் என்பதற்கு அது சான்று. அதே மஸ்கரினிக் ஏற்பிகளில் எம்1 என்பதுதான் இலக்கு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. அதை மட்டும் குறிவைக்கும் புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. இந்தக் கதையில் ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன்னால் அளவுகோல் வந்திருக்கிறது: பூனையின் தண்டுவடத்தைக் காட்டிய எலக்ட்ரான் நுண்ணோக்கி, லண்டனின் கட்டத் திரை, சிலிக்காக் கூம்பு. மருந்துக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் இத்தகைய அளவுகோல்களைச் செய்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும். முற்றும் வகை நோயில் உறை திரும்புகிறதா என்று நம்பகமாக அளக்கும் வழியை யார் செய்கிறாரோ, அங்கிருந்துதான் அடுத்த மருந்தின் கதையும் தொடங்கும்.