கருங்காலி நாற்காலி கற்பிக்கும் பாடம்

ஆலயத் திருப்பணி என்றவுடன் அன்பர்களின் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன விமானமும் இராஜகோபுரமும் கலசங்களுமே. கல் பழுதுற்றால் ஸ்தபதியை அழைக்கிறோம். செம்பு மங்கினால் துலக்குகிறோம். ஆனால் உற்சவ காலத்தில் இறைவனைத் தாங்கி வீதிவலம் வரும் மர வாகனங்களும் பல்லக்கும், விழா முடிந்தபின் வாகன அறையின் இருளில் மறக்கப்படுகின்றன. கும்பாபிஷேகம் நெருங்குங்கால் அவற்றுக்குக் கிட்டுவது, பழைய பூச்சின்மேல் அவசரமாகத் தீட்டப்பெறும் இன்னுமொரு பெயிண்டுப் பூச்சு. காட்டூர் முதலிய பழவேற்காட்டு ஏரிக்கரை ஊரார் இதுபற்றிச் சிந்தித்தற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. இவ்வூர்கள் அமைந்த சோழமண்டலக் கரை, மரவேலையில் கடல்கடந்த புகழ் எய்தியது; செய்தவர் பெயரையோ இழந்தது.

டச்சுக்காரர் 1610ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். 1613இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690 வரை இக்கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. அந்நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள், ஐரோப்பியர் விரும்பிய வடிவில் கருங்காலி நாற்காலிகளைச் செய்தனர். கருங்காலியோ நீரில் அமிழும் கனமுடையது. உளியை எளிதில் ஏற்காதது. அதிலே கொடியும் மலரும் செதுக்கி, கால்களைக் கயிறு முறுக்கினாற்போலக் கடைந்து, கழுந்தும் துளையுமாகப் பொருத்தினர். அந்நாற்காலிகள் கப்பலேறி ஐரோப்பிய மாளிகைகளை அடைந்தன.

பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு, லண்டனை அடுத்த தம் ஸ்டிராபெரி ஹில் மாளிகைக்கு இத்தகைய நாற்காலிகளைத் தேடிச் சேர்த்தார். அவை 16ஆம் நூற்றாண்டு டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்றே அவர் நம்பினார்; பலரும் அவ்வாறே நம்பினர். அவை இந்தியக் கரையில் பிறந்தவை என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளரே தெளிவுபடுத்தினர். பொருள் போற்றப்பட்டது; செய்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. உடையவர் துடைத்தும் மெழுகிட்டும் பேணியமையால் மரம் வாழ்ந்தது. எழுதி வையாமையால் வரலாறு மறைந்தது.

மரத்துக்குப் பகை யாது? நீர் என்பர் பலர். காஞ்சி அத்திவரதரை எண்ணிப் பாருங்கள். அனந்தசரஸ் திருக்குளத்தின் அடியிலிருந்து 1979இலும் 2019இலும் வெளிவந்து, அத்திமரத் திருமேனியராய் அப்பெருமான் காட்சி தந்தருளினார். இறைவன் திருவருளோடு இயற்கையின் நியதியும் இதில் விளங்குகிறது. காற்றுப் புகாத நீரடியில் மரத்தை அரிக்கும் பூஞ்சை வாழ்வதரிது. நனைவதும் உலர்வதும் மாறிமாறி நேரும்போதே மரம் விம்மிச் சுருங்கி வெடிக்கிறது. ஏரிக்கரையின் ஈரமும் உப்பும் கோடை வெயிலும் இம்மாற்றத்தை ஓயாது விளைக்கின்றன.

இதனை நம் கடலோடிகள் நன்கறிந்திருந்தனர். மசூலாப் படகின் பலகைகளை ஆணியடியாது தென்னங்கயிற்றால் தைத்தனர். அலை மோதுங்கால் அது வளைந்து கொடுத்தது. கட்டுமரத்தைக் கரையேற்றியபின் கட்டவிழ்த்து உலர்த்தினர். தளர்ந்த வாகனத்தில் இரும்பாணி அறைவோர் இதை உன்னல் வேண்டும். உப்புக்காற்றில் ஆணி துருவேறிப் பருக்கும், மரத்தைப் பிளக்கும். கழுந்தைச் செப்பனிட்டு மீண்டும் பொருத்துவதே முறை.

பூச்சைப் புதுப்பிக்குமுன் பழைய பூச்சு யாதென அறிதல் வேண்டும். ஸ்பிரிட் தோய்ந்த துணியால் மறைவான ஓரிடத்தைத் தொட்டால் அரக்குப் பூச்சு இளகும். அவ்வாறாயின், அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக ஏற்றினாலே பழைய பொலிவு மீளும். உப்புத்தாளால் அழுந்தத் தேய்த்தால் சிற்பத்தின் கூர்மை தேயும். பெயிண்டை மேன்மேல் ஏற்றினால் யாளியின் பல்லும் அன்னத்தின் இறகும் மூடுண்டு போகும். மற்றைநாளில், சற்றே ஈரமான துணியால் உப்பை ஒற்றியெடுத்து உடனே உலரத் துடைத்து, தேன்மெழுகை மெல்லிதாகப் பூசினால் போதும். வாகனங்கள் தரையில் படாமல் கட்டைமேல் நிற்கட்டும், சுவரை விட்டு விலகி நிற்கட்டும், காற்று உலாவட்டும், கரையான் வழியை மாதந்தோறும் நோக்குக.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. பழுதுபார்க்கும் ஒவ்வொரு வாகனத்துக்கும், இன்ன மரம், இன்ன பூச்சு, இன்ன ஆண்டு, இன்ன தச்சர் என்று ஆலயக் கணக்கேட்டில் எழுதி வைப்போமாக. கருங்காலி நாற்காலிகளைச் செய்த கைகளுக்கு நாம் செலுத்தத் தவறிய கடன், நம் வீதியில் இறைவனைச் சுமக்கும் மரத்தைச் செதுக்கிய கைகளுக்கேனும் செலுத்தப்படுக. அதுவும் திருப்பணியே. திருவருள் துணைநிற்பதாக!