பத்தாண்டு வரம்பு: அமெரிக்க மணவிலக்கும் ஓய்வூதியப் பங்கும்

குறுகிய காலமே நீடித்த மணவாழ்வு முறியும்போது துணையின் ஓய்வூதியத்தில் பங்குண்டா என்னும் வினாவிற்கு அமெரிக்கச் சட்ட வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. 1965ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், மணவிலக்குப் பெற்ற முதிய மனைவியருக்கு முன்னாள் கணவரின் பணிக்கணக்கின்பேரில் உதவித்தொகை வழங்கியது. ஆயின் மணவாழ்வு 20 ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்றது. 1977ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. ஒன்பதாண்டு பதினொரு மாதம் வாழ்ந்தவருக்கு இன்றும் அவ்வுரிமை இல்லை.

தனியார் நிறுவன ஓய்வூதியத்தின் போக்கு வேறு. 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதிய உரிமையைப் பிறருக்கு மாற்றித்தருவதைத் தடுத்தது. கடன் கொடுத்தோரிடமிருந்து தொழிலாளியைக் காக்க எழுந்த அத்தடை, மனைவியையும் (விந்தையே) அவ்வரிசையில் நிறுத்தும் இடர்ப்பாட்டைத் தோற்றுவித்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தமே, நீதிமன்ற ஆணையின்பேரில் பங்கினைத் துணைக்கு நேராகச் செலுத்தத் தெளிவான வழி வகுத்தது. இதற்குப் பத்தாண்டு வரம்பு இல்லை. எனினும் மணக்காலத்தில் சேர்ந்த பகுதியே பெரும்பாலும் பங்கிடப்படுவதால், குறுகிய மணத்தில் கிடைப்பது சிறுதொகையே.

ஜீவனாம்சம் இவ்விரண்டிலும் சேராது. கலிபோர்னியாவில் பத்தாண்டுக்குக் குறைந்த மணத்திற்கு, மணக்காலத்தில் பாதியளவு அதனை வழங்குவது பொதுவிதி. ஆறாண்டு மணத்திற்கு மூன்றாண்டு. வேலையைத் துறந்து இல்லம் பேணியவரின் சொந்தச் சமூகப் பாதுகாப்புக் கணக்கிலோ அவ்வாறாண்டும் வருவாயற்ற ஆண்டுகளாகவே பதிவாகியிருக்கும்.